தொடர்ச்சி ஆறாம் பக்கம்

ஏற்காட்டில் ஒரு பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள்.
கண்ணாடி வைத்த மேசையை நான் எடுத்தேன்,
அஸ்தம்பட்டியில் என் பியூட்டி பார்லருக்கு.
அதன் ஜோடி அலமாரியை
என்னைவிட முந்நூறு ரூபாய் கூடக் கேட்டு
தட்டிக்கொண்டு போனார் பல் டாக்டர் வேதமாணிக்கம்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காமல்
மேசை கீழே வந்து சேர்ந்தது.
வேன்காரர் பொன்னுரங்கத்தால்
அப்படிச் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் இழுப்பறையைத் துடைத்தேன்.
அடியில் விரித்த ஒற்றைத் தாள்,
அந்துருண்டை வாசனை,
மல்லாந்த கரப்பான் ஒன்று.
அமெரிக்கப் பேப்பர்.
ஐம்பத்து நாலு, மார்ச் இரண்டு, செவ்வாய்.
விலை ஐந்து சென்ட்.
தலையில் டையோடு காத்திருந்த சௌடேஸ்வரி அக்கா
சட்டென்று நிமிர்ந்தார்:
"அஞ்சு சென்ட்டா? ஜங்ஷன் பக்கமா?"

கல்லூரிப் பெண் பிரநிதி, ஒரு புருவம் முடிந்து
மறு புருவம் பாக்கி இருந்த நிலையில்
எங்களுக்கு வாசித்துச் சொன்னாள்.

சோளக்காட்டின் மேல் ஒரு பறக்கும் தட்டு.
பார்த்தவர் ஒரு விவசாயி.
வட்டமாம், பொன்னிறமாம், ஓரம் லேசாக மடங்கியிருந்ததாம்.
"தட்டுவடை," என்றார் அக்கா.
அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

எண்பதாம் வருஷத்துக்குள் உலகத்தில் அடுப்பே இருக்காது,
மத்தியானச் சாப்பாடு ஒரு மாத்திரைதான்
என்கிறார் ஒரு பேராசிரியர்.
அக்கா கைப்பையைத் திறந்து காட்டினார்:
சாப்பாட்டுக்கு முன் மூன்று, பின் இரண்டு.
"மாத்திரை வந்துருச்சு, சாமி.
அடுப்பு எங்க போச்சு?"

அணுகுண்டுக்குப் பயந்து ஒருவர்
தோட்டத்தில் பாதாள அறை வெட்டி
நானூறு டப்பா பீன்ஸ் அடுக்கிவிட்டார்.
அவர்மேல் வழக்கு.
பக்கத்து வீட்டுக்காரர் போட்டது.
உலகம் அழிவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை;
வெட்டிய மண்ணை என் வேலியோரம்
ஏன் கொட்டினாய் என்பதே கேள்வி.
அமெரிக்கா இவ்வளவு பக்கத்தில் இருப்பது
அதுவரை எனக்குத் தெரியாது.

அரைப் பக்கத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் விளம்பரம்.
முத்துமாலை, குதிகால் செருப்பு, சுருட்டிய முடி,
அந்தப் பெண் ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு
உருகி நிற்கிறாள்.
அந்தச் சுருட்டலை நான் உற்றுப் பார்த்தேன்.
நல்ல வேலை. குறைந்தது மூன்று மணி நேரம்.

காணவில்லை: பல் செட், மேல் வரிசை மட்டும்,
பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில்.
கண்டெடுத்தவர் கடிபடாமல் ஒப்படைக்கவும்.
(கடைசி வரி பிரநிதி சேர்த்தது.)

கீழ் மூலையில்தான் அந்த மாடு.

காலை பத்து மணிக்கு
கோர்ட்டு மாடிப்படியில் தானாக ஏறி
இரண்டாம் தளத்தில் நின்றுவிட்டது.
மாட்டுக்குப் படி ஏறத் தெரியும்,
இறங்கத் தெரியாது.
தீயணைப்பு வண்டி வந்தது, கால்நடை வைத்தியர் வந்தார்,
கயிறு வந்தது, வைக்கோல் வந்தது,
கடைசியில் நீதிபதியே எழுந்து வந்து
மாட்டின் காதருகே குனிந்து

தொடர்ச்சி ஆறாம் பக்கம்.

நாங்கள் மூவரும் தாளைத் திருப்பினோம்.
இரண்டாம் பக்கம்.
மேசையின் மற்ற அறைகளை இழுத்துப் பார்த்தோம்.
ஒரு கொண்டை ஊசி, ஒரு சோழி.
அப்போதுதான் அந்த முந்நூறு ரூபாய்
நினைவுக்கு வந்தது.

"டாக்டர், உங்க அலமாரி அடியில தாள் இருக்கா?"
யாரோ வாயைத் திறந்தபடி 'ஆ' என்று கிடக்க
டாக்டர் எழுந்து போகும் சத்தம் கேட்டது.
"இருக்கும்மா. ஆறாம் பக்கம்."
"மாடு?"
"மாடுன்னு எதுவும் இல்லையே.
மேல பூச்சி அரிச்சு ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை.
அதுக்குக் கீழ ரெண்டே வரி:
'யாருக்கும் காயமில்லை.
நீதிபதி மட்டும் இன்னும் மேலேயே இருக்கிறார்.'"

பார்லரில் கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் பேசியது.

"அம்மா," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி,
"மூணு மாசமா எனக்குத் தூக்கமில்லை.
அந்த மனுஷன் மேலே ஏறினது எதுக்குன்னு
உங்ககிட்ட இருக்கா?"