ஆறு இலக்கம்

புதுவயல் முக்கில் என் ஜெராக்ஸ் கடை.
ஆடியில் கல்யாணப் பத்திரிகை கிடையாது,
டாக்டராகப் போகிறவர்கள் வருவார்கள்.
சாதிச் சான்று, இருப்பிடச் சான்று,
ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான் என்று
தலைமையாசிரியர் பச்சை மசியில் போட்ட கையெழுத்து,
எல்லாவற்றையும் இருநூறு கேபிக்குள் சுருக்கித் தருவேன்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

மதுபாலா வந்தது கடைசி நாள், மூன்றே முக்காலுக்கு.
இரண்டாம் முறை எழுதியவள்.
முதல் முறை, வாசல் சோதனையில் மூக்குத்தி கழலாமல்
சோப்புத் தண்ணீர் விட்டுப் பிடுங்கி
ரத்தத்தோடு உட்கார்ந்து எழுதினாளாம்.
இந்த முறை துளையையே தூர்ந்துபோக விட்டிருந்தாள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்த வேண்டும்.
"மதுரையை முதல்ல போடு" என்றேன்,
எல்லாரிடமும் சொல்கிற மாதிரி.
"சிவகங்கைக்கா. அம்மா ஒரு பஸ் மாறினா வந்திரும்."
சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, தேனி
என்று இறங்கிக்கொண்டே போய்
கன்னியாகுமரியில் கொஞ்சம் நின்றாள்.
"அங்க கடல் இருக்குல்ல?"
இருக்கு என்றேன். போட்டோம்.

நாலு நாற்பத்தாறுக்கு 'உறுதி செய்' அமுக்கினேன்.
ஆறு இலக்க எண்ணைக் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறோம்,
பத்து நிமிடம்தான் செல்லும் என்றது திரை.
எந்தக் கைபேசிக்கு?
அம்மாவுடையது.
அம்மா ராக்கு, ரைஸ் மில் களத்தில்.
கண்டனூர்ப் பக்கம் வானம் கறுத்தது அப்போதுதானா வேண்டும்!

நெல் காய்கிற நேரம் மழை வந்தால்
களத்தில் யார் போன் எடுப்பார்?
அடித்தோம், அடித்தோம்.
ஒவ்வொரு தடவையும் அம்மன் பாட்டு முழுசாய் ஓடி ஓய்ந்தது.
ஐந்தாவதுக்கு ஓர் ஆண்குரல். மில் கணக்குப்பிள்ளை.
"ராக்கு தார்ப்பாய் இழுக்குது, அப்புறம் கூப்பிடு."
"ஐயா, அதுல ஒரு நம்பர் வந்திருக்கும், வாசிங்க."
சிரித்தார்.
"ஓடிபியா? எனக்கே விபூதி அடிக்கிறியா?
போன மாசந்தான் என் மச்சினன் இருபத்தெட்டாயிரம் விட்டான்."
"நான் அவங்க மகய்யா."
"அவனும் பேங்க் மேனேஜர்னுதான் சொன்னான்."

நாலு ஐம்பத்தொன்று.
என் கடையில் எல்லாச் சான்றுக்கும் நகல் உண்டு.
இதற்கு இல்லை.

மதுபாலா கண்ணை மூடிக்கொண்டாள்.
"அம்மா காலைப் பாருங்க.
இடது குதிகால்ல மூணு வெடிப்பு, நடுவுல உள்ளது ஆழம்,
மெழுகு உருக்கி ஊத்திருக்கும்.
வலது பெருவிரல் நகம் பாதிதான், கறுத்திருக்கும்.
விரலிடுக்கு வெள்ளையா ஊறி, சேத்துப்புண்ணு.
கணுக்காலுக்கு மேல நாலு விரக்கடை தள்ளி
நரம்பு முடிச்சுப் போட்டிருக்கும்.
இந்நேரத்துக்கு வீங்கிருக்கும்,
அமுக்கினா குழி விழும்,
குழி நிரம்ப நேரமாகும்."

மறுமுனையில் மழை.
"ஏய் ராக்கு, இங்க வா, காலைக் காட்டு."
"என்னய்யா, கிறுக்கா ஒமக்கு?"
மறுபடி மழை மட்டும்.
பிறகு மூடை எண்ணுகிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி:
"லாபம்.
நாலு.
நாலு.
ஏழு.
சைபர்.
ரெண்டு."

நெல் அளக்கிறவர்கள் ஒன்றை ஒன்று என்று சொல்வதில்லை.
எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.
ஒன்று என்று அடித்தேன்.
நாலு ஐம்பத்தைந்து.
பூட்டிக்கொண்டது.

பிரிண்ட் எடுப்பதற்குள் கரண்ட் போனது.
இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.
"எவ்வளவுக்கா?" என்றாள்.
நாளைக்கு வா, பேப்பரும் தரணும்ல என்றேன்.

போன் அடித்தது. அம்மா.
"எதுக்குடி அந்தாளு என் காலைப் பாக்குறாரு?"

"சும்மாதாம்மா" என்றாள்.
"நெல்லு நனைஞ்சிருச்சா?"

"பாதிக் களம்."