மூன்றாம் சுவர்

சனிக்கிழமை ஏழு மணி. பெரம்பூரில்
ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில்
நோரீன் தரையெங்கும் பவுடர் தூவுகிறாள்.
குழந்தைக்குப் போடுகிற அதே பவுடர்.
செருப்பு வழுக்கணும், ஆள் வழுக்கக் கூடாது,
அவ்வளவுதான் மேன் பாடம், என்கிறாள்.

இருபத்தேழு பேர்.
டயாலிசிஸ் வார்டில் ட்யூட்டி முடித்து
கையில் டெட்டால் வாசனையோடு நான்.
ஈவ்னிங் பஜாரில் பேரம் பேசிய
அட்டைத் தொப்பியில் கிளைவ்.
செம்பியத்திலிருந்து ஒரே ஸ்கூட்டியில்
அக்கா தங்கை மூவர்.
டிக்கெட் பரிசோதகர் ரஹமத்துல்லா.
அவரிடம் மட்டும்தான் நிஜ பூட்ஸ்.

ஸ்பீக்கரில் ஒருவன் முதலில் லாரியைத் தொலைக்கிறான்,
அப்புறம் நாயை,
அப்புறம்தான் பெண்டாட்டியை.
அதே வரிசையில்தான் அழவும் செய்கிறான்.
அந்த இங்கிலீஷ் எனக்குப் பாதி பிடிபடாது.
ஆனால் தவணை தவறி டாடா ஏஸைப் பறிகொடுத்த
எங்கள் தெரு அற்புதராஜ்
டாஸ்மாக் வாசலில் இப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசுவான்.
பாட்டில் ரயில் கூவும்போது
ஜன்னலுக்கு வெளியே அரக்கோணம் லோக்கலும் கூவும்.
எது எந்த ஊர் ரயில் என்று
கால் கேட்டுக்கொள்வதில்லை.

முதல் நாள் கேட்டேன், ஜோடி இல்லாமல் எப்படி?
ஜோடி எதுக்கு, என்றாள் நோரீன்,
ரெண்டு கால் இருக்கு இல்ல?

இந்த ஊரில் நான் நிற்காத வரிசையா.
ரேஷனில், தண்ணி லாரியில்,
ஆதாரில் அப்பா பெயரை மறுபடி சேர்க்க,
குடும்பநல கோர்ட்டில்
ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில்
அவனும் நானும் பேர் கூப்பிடக் காத்திருந்தது.
எல்லாவற்றிலும் உலகம் என்பது
முன்னால் நிற்பவரின் முதுகு.
இங்கேயும் அந்தப் பழக்கத்தில்தான் வந்தேன்,
கடைசி வரிசை, மின்விசிறி எட்டாத மூலை,
டாரத்தியின் குதிகாலைக் காப்பியடித்துக்கொண்டு.

வலது, பின்னால், வலது, தொடு.
இடது, பின்னால், இடது, தட்டு.
குதிகால், குதிகால், ஒரு கால் வட்டம்.
முப்பத்திரண்டு எண்ணி முடித்ததும்
எல்லோரும் ஒரே சமயத்தில்
அடுத்த சுவருக்குத் திரும்ப வேண்டும்.

முதல் சுவர் மேடை.
இரண்டாவது, ஜன்னல்கள்.
இன்னொரு முறை திரும்பினால்
எனக்கு முன்னால் டாரத்தி இல்லை.
யாருமே இல்லை.
வாசல் கதவு,
மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள்,
சீட்டாடக் கூடாது என்று ஒரு பலகை.
கடைசி வரிசை முதல் வரிசையாகும் என்று
எந்த ஆபீசிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வலதில் வைக்க வேண்டியதை இடதில் வைத்தேன்.
பின்னால் இரண்டு வரிசை
அந்தத் தப்பை அப்படியே செய்தது,
ஒரு பிசகில்லாமல்.
கிளைவின் தொப்பி விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.
நோரீன் எண்ணுவதை நிறுத்தவில்லை,
ஐந்து, ஆறு,
பாட்டுக்காரனும் நிறுத்தவில்லை,
அவனுக்கு இன்னும் நாய் போகவில்லை.

ஏழில் என் கால்
எங்கேயோ கேட்டு வைத்திருந்ததுபோல்
வலது பக்கம் போனது.
எனக்குப் பின்னால் ரஹமத்துல்லாவின் பூட்ஸ்
அரை நொடி தாமதமாக விழுந்தது,
நான் எங்கே வைக்கிறேன் என்று
பார்த்துவிட்டு வைப்பதுபோல.