தன்வினை

லூப்லியானாவில் அன்றிரவு பெய்தது மழைதான்;
கம்பியைத் தொட்டதும் கண்ணாடி ஆனது.
பதினொன்றேகாலுக்கு
எங்கோ ஒரு மின்கோபுரம் பாரம் தாங்காமல் மடங்க,
இயற்பியல் கட்டடத்தின் இரண்டாம் தளம் இருண்டது.

சூடேற்றும் தட்டில், நாற்பத்திரண்டு டிகிரியில்,
ஜெர்னேயாவின் ஒன்பதாவது மாதிரி:
நகக்கண்ணில் அடங்கும் திரவப் படிகம்,
அதற்குள் தங்கம்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
பதினைந்தாயிரம் நிற்கலாம், அத்தனை பொடி.

முந்தைய எட்டும் கெட்டவை.
அவசரமாய் ஆறி, தங்கம் தங்கத்தோடு ஒட்டி,
கிண்டாமல் விட்ட ரவைபோலக் கட்டி தட்டியவை.

இதுவும் சட்டென ஆறிவிடக் கூடாதே என்று
தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றித்
தட்டின்மேல் கவிழ்த்தாள்.
அவ்வளவுதான் அவள் செய்தது.
பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் மாடிப்படி,
வழுக்கும் பாலம், காது மரத்துப்போன நடை.

தொப்பிக்குள் சூடு மெல்ல இறங்கியது.
நாற்பதில் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்தன.
முப்பத்து மூன்றில் அடுக்கடுக்காய் அமர்ந்தன.
கீழே கண்ணாடி ஒரு பக்கம் இழுக்க,
மேலே காற்று வேறு பக்கம் இழுக்க,
வளைந்த அடுக்கு சில கோடுகளில் முறிந்தது.

தங்கத்துக்கு வேறெங்கும் இடமில்லை.
முறிவில் இருந்தது,
ஓர் ஆள் நிற்கும் அகலம்.
ஒன்று போய் நின்றது. அருகில் இன்னொன்று.
இரண்டுக்கென்றே தனி எண் வைத்திருக்கும்
அந்த ஊர் மொழியில் அவை அப்போது இருமை;
மூன்றாவது வந்ததும் பன்மை.
அதற்குப் பிறகு எண்ண யாருமில்லை.

காலையில் மின்சாரம் வந்தது.
ரோஜாக்காய்த் தேநீரோடு ததேய் வந்தான்.
நுண்ணோக்கியில் ஒளிவடிப்பானைத் திருப்பினாள்: சிவப்பு.
கால்வட்டம் திருப்பினாள்: பச்சை.
மறுபடி சிவப்பு.
கட்டி என்றால் எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம்.

ததேய் குறிப்பேட்டில் எழுதினான்:
நாமிருவரும் வரிசையாய் நிறுத்தினோம்.
"நீ தூங்கிக்கொண்டிருந்தாய்," என்றாள்.
"நீ?"
"நானும்."

அவள் வினையை அடித்து, எழுவாயையும் அடித்து,
வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.
இதை எழுதும் எனக்கு அத்தனை பாடில்லை;
நடுவில் ஒரு மெய்யை மெலித்தால் போதும்:
ஒதுக்கினோம், ஒதுங்கின.
பொருத்தினோம், பொருந்தின.

ஆனாலும் செய்முறைப் பக்கம் காலியாகக் கிடந்தது.
தொப்பியை எப்படி எழுதுவது?
அளவுகோலை எடுத்தாள்.
சாம்பல் நிறம். ஆட்டுக் கம்பளி.
தடிமன் நான்கு மில்லிமீட்டர்.
உச்சிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பொத்தல்.

பொத்தலையும் அளந்தாள்.