மறைத்து வைத்த பத்தில் ஒன்று

கம்பெனி திவாலான வாரம்
கடனைத் தீர்க்க வந்தவர்
மேசைகளை எண்ணினார், நாற்காலிகளை எண்ணினார்,
பாதி முடிந்த ஏழு வண்டிகளையும் எண்ணினார்.
உதவி எண்ணை மட்டும் மறந்துவிட்டார்.
கோடை விடுமுறைக்காக அதை
என் வீட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தேன்.
அது அப்படியே இங்கே தங்கிவிட்டது.

"எர்லெ வாகனங்கள், ஐலர்ட் பேசுகிறேன்"
என்கிறேன், விரலெல்லாம் மீன் செதில்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
படகு வார்க்கும் அச்சில் வார்த்த உடம்பு.
இடித்தால் குழிந்து,
மறுநாள் தானாக நிமிர்ந்துகொள்ளும்.
வாலாட்டிக் குருவியின் பெயரை வைத்தோம்.
பிரேக் பிடித்தால் வால் மட்டுமல்ல,
முழு வண்டியுமே ஆடியது.

சார்ஜ் வாய் ஏன் மூக்கு நுனியில்?
பனி அடைத்துக்கொள்கிறதே?
ஜூலையில் வரைந்தோம், அம்மணி.
பழைய கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டுங்கள்.
(அதுதான் எங்கள் அதிகாரபூர்வத் தீர்வு.)

மின்சார வண்டிக்குள் மண்ணெண்ணெய் வாசமா?
ஆமாம். பேட்டரியிடம் சூடு கேட்டால்
தூரத்தைத் தின்றுவிட்டுத்தான் தரும்.
அதனால் இருக்கைக்கு அடியில் ஒரு குட்டி அடுப்பு.
விளம்பரப் படத்தில்
அதன் மேல் ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தோம்.

துடைப்பான் ஓடினால் ரேடியோ ஊமையாகிறதே, ஏன்?
தெரியாது.
சத்தியமாகத் தெரியாது.

பிப்ரவரி. இரவு ஒன்பதே முக்கால்.
ஃபீலெஃபியெல் மலைப்பாதையிலிருந்து ஒரு பெண் குரல்.
குத்வெய்க். தேவாலய ஆர்கன்களுக்குச் சுருதி சேர்ப்பவர்.
"முள் பூஜ்யத்தில். ஆமை விளக்கு எரிகிறது.
அடுத்த வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர்.
வெளியே மைனஸ் பதினெட்டு."
ஏதோ ஒரு குழல் அரைச் சுருதி இறங்கியிருப்பதைப்
புகார் சொல்வதுபோல் சொன்னார்.

மேசைமேல் கத்தியை வைத்தேன்.

பூஜ்யம் பூஜ்யமில்லை என்றேன்.
அந்த முள்ளை எழுதியவன் நான்.
ஓட்டுகிறவர்கள் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி
பேட்டரியைக் கொன்றுவிடுவார்கள்,
உத்தரவாதம் நம்மைக் கொன்றுவிடும்
என்றார் மேலாளர்.
பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒளித்து வைத்தேன்.
கையேட்டில் இல்லை.
விற்றவர்களுக்கும் தெரியாது.

துடைப்பான் கம்பியைக் கீழே அழுத்திப் பிடியுங்கள்.
விடாமல், சாவியை மூன்று முறை.
மூன்றாவதில் நிறுத்துங்கள்.

முள் எழும்போது சத்தம் வராது.
அவர் மூச்சு வந்தது.

"இது எப்போதுமே இருந்ததா?"
இருந்தது.
"நாலு குளிர்காலமாக?"
நாலு குளிர்காலமாக.

போனைத் துண்டிக்கவில்லை,
பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டார்.
பதினேழு நிமிடம்
என் மோட்டார் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சோதனைக் கூடத்தில் கேட்டதைவிட
வயசான குரல்.
பிறகு நாய் குரைப்பு, கதவு,
யாரோ காபி வேண்டுமா என்று கேட்பது.
எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முகவரி கிடைத்த அறுபத்து நாலு பேருக்கும்
கடிதம் போட்டேன், தபால்தலை என் செலவு.
கம்பி, சாவி, மூன்று முறை.
பத்தொன்பது உறைகள் திரும்பி வந்தன.
ஹார்ஸ்டாட் பல் மருத்துவர் ஒருவர்
பழைய இழுவைவண்டி ரசீதை அனுப்பினார்:
ஆயிரத்து எண்ணூற்றைம்பது குரோனர்.
பாதியைக் கட்டினேன்.
மீதிப் பாதிக்கு இன்னும் எழுதுகிறார்.

குத்வெய்க்கிடமிருந்து ஒரு அஞ்சலட்டை.
முன்பக்கம் ஆர்கன் குழல்கள்.
பின்பக்கம் ஒரே வரி:
வேறென்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

ஒன்றுமில்லை என்று எழுதி, கிழித்தேன்.
துடைப்பான், ரேடியோ விஷயத்தை எழுதினேன்.
அது ஒளித்ததல்ல, தெரியாதது என்றும் எழுதினேன்.
ஆனால் கையேட்டில் இரண்டுமே இல்லை.
வாங்கியவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

அட்டை இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.
கீழே கொட்டகையில், மூக்கில் காலுறையோடு
என் சொந்த வண்டி.
நேற்று மழையில் துடைப்பானைப் போட்டு,
ஊமை ரேடியோவின் முன்
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.