இடது பாதி

காரைக்காலிலிருந்து வந்த அரை அலமாரி
கும்பகோணத்தில் என் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
அளவில் அரை இல்லை.
வாளால் நடுவே அறுத்த அரை.
மூன்று தட்டு, தேக்கு. உச்சியில் ஒரு வளைவு
ஏறத் தொடங்கி
எட்டுவதற்குள் நின்றுவிடுகிறது.

சண்டையெல்லாம் இல்லை என்றார் தரகர் ஜெய்லானி.
வீட்டை இரண்டு மகள்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள்,
நடுக்கூடத்தில் சுவர் எழுந்தது,
சுவர் வரும் வழியில் இது இருந்தது.
அவ்வளவுதான்.
சைகோன் பீங்கான்களை அக்காவும் தங்கையும்
எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள்.
ஒற்றையாய் மிஞ்சிய தட்டில்
கொத்தனாருக்குச் சோறு போட்டார்கள்.

சென்னையிலிருந்து பிரியம்வதா போன்:
"எந்த ஸ்டைல்க்கா? அட்டையில எழுதணும்.
ஆர்ட் நூவோன்னு போட்டுடவா?"
பொறு என்கிறேன்.
பெயிண்டைச் சுரண்டாமல் நான் பேர் வைப்பதில்லை.

மேலே சிமெண்டு நிறம்.
அடியில் பச்சை.
அதற்கும் அடியில்
ஏதோ ஒரு கல்யாணத்துக்கு அவசரமாய் அடித்த ரோஸ்,
ஈரத்தில் உட்கார்ந்த கொசு ஒன்று
இன்னும் எழுந்திருக்கவில்லை.
பிறகுதான் மரம்,
அவித்த பனங்கிழங்கின் நிறத்தில்.

தட்டைத் தாங்கும் கையில் ஓர் இலை வெளியே வருகிறது.
இதன் மூலத்தைப் படங்களில் பார்த்திருக்கிறேன்.
பிரெஞ்சுக்காரர்களின் தூண், நாற்காலி, கண்ணாடிச் சட்டம்
எல்லாவற்றிலும் சுருண்டு வழியும் அகாந்தஸ்.
கடல் கடந்த செடி.
அதன் பங்காளி கழுதைமுள்ளி
நம் கழிமுகச் சேற்றில் முட்டிக்கால் தண்ணீரில் நிற்கிறது.
ஆசாரி அங்கே போகவில்லை.

யாரோ ஒரு காட்டலாக் பக்கத்தைக் கிழித்து
அவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.
கறுப்பு வெள்ளை, கட்டைவிரல் அகலம்.
அதையே உற்றுப் பார்த்துவிட்டு
வேலியைப் பார்த்திருக்கிறார்.
வேலியில் பாகல்.

ஏழாய்ப் பிளந்த மடல்.
காட்டலாக்கில் இருந்திருக்க முடியாத ஒரு சுருள்கொடி
ஆணி அடிக்க விட்ட துளையைப் பிடித்து ஏறுகிறது.
இலைக்கு அடியில், சுண்டுவிரல் நீளம்,
முள்ளுமுள்ளாய் ஒரு பிஞ்சு.

அடுத்த பாதி
திருமலைராயன்பட்டினத்தில் கிடைத்தது.
சவரிராயன் தையல் கடை.
தட்டு முழுக்க நூல்கண்டு,
மேல் தட்டில் மாதா படம், சாக்குக்கட்டி, மின்கட்டண ரசீது.
பெயிண்டே இல்லை. வருசா வருசம்
மெஷின் எண்ணெயைத் தடவி வைத்திருக்கிறார்.

இந்தப் பாணியில் இடமும் வலமும்
கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்க வேண்டும்.
குனிந்து மடல் எண்ணினேன்.
ஆறு.
மறுபடி எண்ணினேன். ஆறுதான்.
பிஞ்சு இருக்க வேண்டிய இடத்தில்
பழுத்து மூன்றாய் வெடித்த பாகல்.
உள்ளே விதைகள்.
விதைக்கு மட்டும் செம்மரம் பதித்திருக்கிறார்,
உளுந்தளவு, ஐந்து.

பழுக்க எத்தனை நாள் ஆகும்?
அந்த நடுக்கூடத்தில்
ஒரே பார்வையில், இடமிருந்து வலம்,
ஓர் ஆடி மாதம் ஓடியிருக்கிறது.

விலை சொன்னேன்.
டேப்பைக் கழுத்தில் போட்டபடி கேட்டுக்கொண்டார்.
கூட்டிச் சொன்னேன்.
கால்சட்டை ஒன்றின் மடிப்பை முடித்து
பல்லால் நூலை அறுத்துவிட்டு
"அந்தப் பாதி உங்ககிட்டயா இருக்கு?" என்றார்.
"பட்டன் டப்பா வைக்க இடமே இல்ல.
மாசம் நானூறு தரேன்."

திரும்பும் பஸ்ஸில் மறுபடி பிரியம்வதா.
"அக்கா, அட்டை பிரிண்டுக்குப் போகுது.
ஸ்டைல் என்னன்னு ஒரு வார்த்தை."
அரசலாற்றுப் பாலம். சிக்னல் விட்டு விட்டு வந்தது.
"இடது" என்றேன்.
"என்னது?"
"இடது பாதி. பிஞ்சு."

அறுத்த விளிம்பை இன்னும் இழைக்கவில்லை.
வாள் ஓரிடத்தில் தடம் மாறியிருக்கிறது,
சுருள்கொடிக்குப் பக்கத்தில்,
அரை அங்குலம் சுற்றிப் போயிருக்கிறது.