பதினாறு தடவை

மேசையில் இரண்டு டேக் பெட்டிகள்.
ஒன்று நூற்றெண்பது வெள்ளி,
சீனாவிலிருந்து காற்றுக்குமிழ் உறையில் வந்தது,
இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த அளவு.
மற்றது மூவாயிரத்து நானூறு.
கூலிம் சிப் தொழிற்சாலையில் இருக்கும் கஜேந்திரன்
இரவல் கொடுத்தது,
"கீறல் விழுந்தா நம்ம சிநேகிதத்துலயும் விழும்"
என்ற எச்சரிக்கையோடு.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்,
எண்ணை வாங்கி அலையாகத் தருவது.
படிக்கட்டு படிக்கட்டாக வரும் என்பார்கள்.
அலைகாட்டியில் பார்த்திருக்கிறேன், படியே கிடையாது.
ஒன்றும் சுழியமும் கரைந்தபின்
கஞ்சி வடிவதுபோல் வழவழவென்று வருகிறது.

பாடாங் செராய்க்கு வெளியே செம்பனை ஆலையில்
நான் சார்ஜ்மேன்.
காதை நம்பாதே, மீட்டரை நம்பு
என்பதற்குத்தான் சம்பளம்.
ஆனாலும் அந்த முதல் ராத்திரி
பெரிய பெட்டியை மாட்டியதும்
மிருதங்கம் ஓரடி முன்னால் வந்து உட்கார்ந்தது.
தம்பூரா சுவருக்கு அப்பால் போய்விட்டது.
சத்தியமாக.
யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.
சொன்னேன்.

யோகேஸ்வரிதான் கேட்டாள்,
"எது ஓடுதுன்னு தெரியாம கேட்டா?"

ஞாயிற்றுக்கிழமை
ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து
இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன்.
அப்போதே ஒன்று பிடிபட்டது.
பெரியது இத்தனை நாளும்
கொஞ்சம் உரக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.
கொஞ்சம்தான்.
மிருதங்கத்தை நகர்த்த அது போதும்.

என் முதுகுக்குப் பின்னால்
இருபது சென் காசைச் சுண்டினாள்,
தலையணையில் விழும்படி, சத்தமில்லாமல்.
தலை என்றால் பெரியது, பூ என்றால் சின்னது.
நான் கண்ணை மூடிக் கேட்டு எழுதினேன்.

நாலாவதில் ஆலை நீராவியைத் திறந்துவிட்டது.
நிறுத்தினோம்.
ஏழாவதில் மழை.
முன்வாசல் தகரம் அடங்க
முக்கால் மணி நேரம், ஒரு கோப்பை மைலோ.
பதினொன்றில் எதிர்வீட்டு ரொஸ்னாவின் மகன்
மோட்டாரை உதைத்தான். உதைத்தான். உதைத்தான்.
கிளம்பியது.
பன்னிரண்டில் ஐஸ்பெட்டி கனைத்தது,
அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

பதினாறும் முடிந்து
தாளோடு தாள் வைத்துப் பார்த்தோம்.
ஒன்பது சரி.
நானும் காசைச் சுண்டியே எழுதியிருந்தால்
எட்டு கிடைத்திருக்கும்.
ஆக என் இருபது வருடக் காதின் மதிப்பு
ஒன்று.

நான் பேசாமல் இருந்தேன். அவள் சொன்னாள்,
"பல்லவிக்குத் திரும்புறப்பலாம்
யாரோ தாளைப் புரட்டுறாங்க, கேட்டீங்களா?"

நூறு தடவை கேட்ட பாட்டு.
நான் கேட்டதில்லை.
சின்னதில் போட்டேன். புரட்டுகிறார்கள்.
பெரியதில் போட்டேன்.
புரட்டுகிறார்கள், அதே தாளை,
அதே அவசரத்தோடு.

மறுநாள் கூலிம் போய்ப் பெட்டியைக் கொடுத்தேன்.
"எப்படி?" என்றான் கஜேந்திரன்.
"நல்லாருக்கு" என்றேன்.
பொய் இல்லை.
கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

வரும் வழியில் டயர்க்கடையில்
கிழிந்த டியூப் ஒன்று சும்மா கிடைத்தது.
நாலு துண்டு வெட்டி
ஐஸ்பெட்டியின் காலடியில் வைத்தேன்.
பாட்டைப் போட்டேன்.
தம்பூரா
சுவருக்கு அப்பால் போனது.

இன்னும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.