வித்தியாசம் மட்டும்

மூன்று இரவாக நகல் ஓடியது.
முதல் இரவு எல்லாமும்:
பதினோரு வருடத்து ரத்தப் பிரிவுகள், எக்ஸ்ரேக்கள்,
கட்டாத பில்கள், இறந்தவர்களின் செல்போன் எண்கள்.
இரண்டாம் இரவு வித்தியாசம் மட்டும்.
மூன்றாம் இரவு வித்தியாசத்துக்கும் வித்தியாசம்.
இப்படிச் சுருங்கிச் சுருங்கி
கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்று தோன்றும்.
ஆகாது.
ஆஸ்பத்திரி எழுதிக்கொண்டே இருக்கும்.
யாராவது அதன் கையைப் பிடித்து
கொஞ்சம் பொறு என்று சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு நிமிடம் கேட்டேன்.
பத்து என்றார் மேலாளர், கொள்முதல் நிலையத்தில்
நெல்லின் ஈரத்துக்குப் பேரம் பேசுகிற குரலில்.
பன்னிரண்டில் நின்றோம்.
புரட்டாசி, வியாழன் பின்னிரவு, இரண்டு நாற்பது.

மருந்தறைக்குப் பின்னால் பழைய சர்வர்.
விசிறியில் ஒரு இறக்கை உடைந்து
ரைஸ்மில் பெல்ட்டாகத் தட்டிக்கொண்டிருக்கும்.
வயிற்றுக்குள் இரண்டு பல்லி முட்டை.
பக்கத்தில் புதியது. சத்தமே இல்லை.
சத்தமில்லாததை நம்பப் பழக வேண்டும்.
ஜெனரேட்டர் பக்கம் இன்னாசி நின்றுகொண்டான்.
எழுதும் வழியை மூடினேன்.
மூன்று மாடியிலும் திரைகள்
'காத்திருக்கவும்' என்றன.

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு
வாசலில் ஒரு டாடா ஏஸ்.
கோட்டூர்ப் பக்கம். ராத்திரித் தண்ணீர் முறை.
மடை திறக்கப் போனவர் காலில் விரியன்.
பெயர் காத்தமுத்து. அதையும் தாளில்தான் எழுதினார்கள்.

ஹபீபா சிஸ்டர் கண்ணாடிக் குழாயில்
அவர் ரத்தத்தை எடுத்து நிறுத்தினார்.
இருபது நிமிடம் யாரும் அசைக்கக் கூடாது.
உறைந்தால் பிழைத்தார்.
என்னுடையது பன்னிரண்டு, அவருடையது இருபது,
சுவரில் ஒரே கடிகாரம்.

விஷமுறிவு எத்தனை கையிருப்பு என்று டாக்டர் கேட்டார்.
திரை காத்திருக்கச் சொன்னது.
சிஸ்டர் என்னைக் கூத்தாநல்லூர் பாஷையில் சொன்னது
இங்கே வேண்டாம்.
ஃபிரிட்ஜைத் திறந்து விரல் வைத்து எண்ணினார்.
பதினான்கு.
உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

கடைசி வித்தியாசம் வந்து சேர்ந்தது.
சரிபார்ப்பு எண்கள் இரண்டு பக்கமும் ஒன்றே.
பழையதன் முகவரியைக் கழற்றிப்
புதியதற்குப் போட்டேன்.
இரண்டு ஐம்பத்தொன்று.
ஒரு நிமிடம் மிச்சம் என்று இன்னாசி கை குலுக்கினான்.
கையில் டீசல் வாடை.

மூன்று ஐந்துக்குக் குழாயைச் சாய்த்தார் சிஸ்டர்.
ரத்தம் வாய்க்கால் தண்ணீராய் ஓடியது.
பத்துக் குப்பி போடுங்கள் என்றார் டாக்டர்.
கணக்கில் கழிக்கத் திரையைத் திறந்தால்
விஷமுறிவு, கையிருப்பு: நான்கு.

பழையதில் தேடினேன். அதிலும் நான்கு.
எந்த மாதமோ, எந்த விரலோ,
ஒரு ஒன்றை விட்டிருக்கிறது.
ஒரு பிட் பிசகாமல் அதைத் தூக்கி வந்து
புது வீட்டில் இறக்கியிருக்கிறேன்.

திரை எரிந்துகொண்டிருந்தால்
நான்கு என்று படித்திருப்பார்கள்.
தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸ் சொல்லியிருப்பார்கள்.
நாற்பது கிலோமீட்டர், வழியில் பாலம் வேலை.
அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.
'நிறுத்தம்: பதினோரு நிமிடம். இழப்பு: இல்லை.'
அனுப்பிவிட்டேன்.

பழையதை உடனே அணைக்கக் கூடாது, ஒரு வாரம்.
கேபிளைப் பிடுங்கிய பிறகும் அது
கேட்பார் வருவார் என்று திறந்து வைத்துக்கொண்டு
தட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு வார்டு வழியாகப் போனேன்.
பாட்டில் சொட்டிக்கொண்டிருக்க, விழித்திருந்தார்.
கழுத்து அடையாள அட்டையைப் பார்த்து
என்னை டாக்டர் என்று நினைத்திருக்க வேண்டும்.
"மடைய மூடாம வந்துட்டேங்க" என்றார்.
"நாலு மணியோட எம் மொற முடிஞ்சிருச்சு.
அடுத்தவன் தண்ணி
எங் கொல்லைலயே பாஞ்சுக்கிட்டுக் கெடக்கு."